குறைமாத வலியைத் தள்ளிப்போட: எந்த மருந்து, எந்த மலை?

ஏலக்காட்டு ஜீப்பிலிருந்து இறங்கும்போதே இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் இறங்கினாள். கம்பம் பக்கத்து ஊர், இரண்டாவது பிள்ளை, 31 வாரம். கூட வந்த மதினி கையில் தூக்குச்சட்டி நிறையச் சீரகத் தண்ணீர். "சூட்டு வலிதான் சிஸ்டர். காலையில வெறும் வயித்தோட வண்டி ஏறிட்டா, அதான்" என்றாள். படுக்கவைத்து, வயிற்றின் மேல்பக்கம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். தொப்புளுக்கு மேலே மெல்லத் தொடங்கி, கைக்கடியில் கல்லாக இறுகி, முக்கால் நிமிடம் நின்று, பிறகு இளகியது. 10 நிமிடத்தில் மூன்று தடவை. சூட்டு வலி இப்படிக் கடிகாரம் பார்த்து வராது.

டாக்டர் வந்து பார்த்தார். கர்ப்பப்பை வாய் இரண்டு விரல் திறந்திருந்தது. பனிக்குடம் உடையவில்லை, காய்ச்சல் இல்லை, ரத்தப்போக்கு இல்லை, குழந்தையின் துடிப்பு 144. கேரள எல்லையில் குமுளிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி எங்களுடையது. தமிழ்நாட்டு ஆட்கள் என்னைச் சிஸ்டர் என்பார்கள், மலையாளிகள் சேச்சி என்பார்கள். குறைமாதக் குழந்தையை வைத்துப் பார்க்க இங்கே வென்டிலேட்டரும் இல்லை, குழந்தை டாக்டரும் இல்லை. ஆக, அரை மணி நேரத்துக்குள் இரண்டு முடிவு எடுக்க வேண்டும். வலியை எந்த மருந்தால் தள்ளிப்போடுவது? தள்ளிப்போட்டுவிட்டு எந்த மலையை இறங்குவது: லோயர் கேம்ப் வழியாகத் தேனிக்கா, முண்டக்கயம் வழியாகக் கோட்டயத்துக்கா?

மருந்துகளை ஒப்பிடுவதற்கு முன்னால், அந்த வயிறு ஏன் கல்லானது என்று தெரிய வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது சுலபம், தேக்கடி ஷட்டர் எல்லோருக்கும் தெரியும். மேலே பெரியாற்றுத் தண்ணீர் நிறைந்து நிற்கிறது, கீழே லோயர் கேம்ப் வறண்டு கிடக்கிறது. ஷட்டரைத் தூக்கினால் சுரங்கம் வழியாகத் தண்ணீர் பாய்ந்து பவர் ஹவுஸ் சுற்றுகிறது, இறக்கினால் நின்றுவிடுகிறது. கர்ப்பப்பைத் தசையின் ஒவ்வொரு செல்லும் இப்படித்தான். செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம், ஓய்வில் உள்ளே இருப்பதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு. நடுவில் இருக்கும் ஷட்டருக்குப் பெயர் எல்-வகைக் கால்சியம் சேனல். செல்லின் சவ்வில் மின்னழுத்தம் மாறியதும் அது திறக்கும். உள்ளே பாய்ந்த கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து ஒரு நொதியை எழுப்பும். அந்த நொதி மயோசின் இழையில் பாஸ்பேட் ஒட்டிவிடும். மயோசின் ஆக்டினைப் பிடித்து இழுக்கும். என் கைக்கடியில் கல்லானது அதுதான். பிறகு செல் கால்சியத்தை வெளியே இறைத்துத் தள்ளும்போது தசை இளகும்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஷட்டர் வழியாக வருவது போக, செல்லுக்குள்ளேயே ஒரு கண்மாய் மாதிரி கால்சியம் தேங்கிக் கிடக்கிறது. ஆக்ஸிடோசின் வந்து செல்லின் கதவைத் தட்டினால் அந்தக் கண்மாயின் மதகும் திறக்கும். மாதம் நிறைய நிறைய ஆக்ஸிடோசினை ஏற்கும் இடங்கள் தசையில் பெருகும். பக்கத்துப் பக்கத்து செல்களுக்கு நடுவே கனெக்ஸின்-43 என்ற புரதத்தால் ஆன துளைகளும் கூடும். அதனால்தான் ஐந்தாம் மாதத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இறுகுகிற தசை, பிரசவத்தின்போது மொத்தமாகச் சேர்ந்து இறுகுகிறது.

இதற்கு நடுவில் மதினி ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப ஹெல்த் சென்டர்ல டெய்லி குடுக்குற கால்சியம் மாத்திரைதான் வலியக் கிளப்பிருச்சா?" நியாயமான சந்தேகம். இதே காரணத்துக்காக மாத்திரையைத் தூக்கிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி கறாராகப் பார்த்துக்கொள்கிறது. 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு போட்டதால் அந்த அளவு எகிறிவிடாது, ஷட்டரும் திறக்காது. அணையில் தண்ணீர் இருப்பது ஒன்று, ஷட்டரைத் தூக்குவது வேறு. மாத்திரையை நிறுத்தினால் நஷ்டம்தான். சாப்பாட்டில் கால்சியம் குறைவாக உள்ள பெண்களுக்கு அது கர்ப்பகால பி.பி. வராமல் தடுக்க உதவுகிறது.

இனி மருந்துகளுக்கு வருவோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைமாத வலியை மாதம் நிறையும்வரை நிறுத்தி வைக்கும் மருந்து எதுவும் கிடையாது. கிடைப்பது இரண்டு நாள், 48 மணி நேரம். அந்த இரண்டு நாளில் செய்ய வேண்டிய வேலை இரண்டு. ஒன்று, குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசி: டெக்ஸாமெதசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. 1972-இல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் காட்டிய வழி இது, இன்றைக்கும் குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றுவதில் இதற்கு ஈடாகச் சொல்ல அதிகம் இல்லை. இன்னொன்று, தாயை வயிற்றில் பிள்ளையோடு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி மலை இறக்குவதைவிட, வயிற்றுக்குள் வைத்து இறக்குவது எவ்வளவோ மேல். எந்த மருந்து நல்லது என்ற கேள்வியை இந்த இரண்டு வேலையை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

நிஃபெடிபின் முதலில். தேக்கடி ஷட்டரை நேரே இறக்கும் மருந்து இது. 1960-களில் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் ஆல்பிரெக்ட் ஃபிளெக்கென்ஸ்டைன் கால்சியத்தைத் தடுக்கும் மருந்துகளை இதயத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில் வந்த வகை. நெஞ்சுவலிக்கும் பி.பி.க்கும் கொடுத்துக்கொண்டிருந்ததை 1980-இல் உல்ம்ஸ்டென் என்ற ஸ்வீடன் மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் குறைமாத வலிக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார்கள். முதலில் 20 மில்லிகிராம் வாய்வழியாக. பிறகு வலியைப் பொறுத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை 10 அல்லது 20 மில்லிகிராம், 48 மணி நேரம் வரை. மாத்திரை விலை சில ரூபாய்தான். பம்ப் வேண்டாம், ஐஸ் பெட்டி வேண்டாம், ஜீப்பில் போகும்போதும் கொடுக்கலாம். எங்களைப் போன்ற ஆஸ்பத்திரிக்கு இந்தக் கடைசி வசதி ஒன்றே பாதி முடிவு.

இதன் குறையும் அதே ஷட்டரில்தான் இருக்கிறது. ரத்தக் குழாய்ச் சுவரிலும் அதே எல்-வகைச் சேனல் உண்டு. அதுவும் மூடும்போது குழாய் விரிந்து பி.பி. இறங்கும். முகம் சிவக்கும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும். கம்பத்துப் பெண்ணுக்கும் இதைத்தான் கொடுத்தோம். மாத்திரை போட்ட இருபதாவது நிமிடம் அவள், "மூஞ்சி தீயா எரியுது சிஸ்டர்" என்றாள். பி.பி. 112/70-லிருந்து 98/60-க்கு வந்திருந்தது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தோம், கால் மணிக்கொருமுறை பி.பி. பார்த்தோம், அதற்குக் கீழே போகவில்லை. ஏற்கெனவே பி.பி. தாழ்வாக இருப்பவர்களுக்கும், வால்வு சுருங்கிய இதயக்காரர்களுக்கும் இந்த மருந்து ஆகாது. இரட்டைப் பிள்ளை வயிற்றில் இருக்க, "உடம்பில் தண்ணீர் குறைஞ்சிருக்கும்" என்று குளுக்கோஸ் பாட்டிலாக ஏற்றிக்கொண்டே இதையும் கொடுத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். வலி வந்தவுடன் பாட்டில் மாட்டும் பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் விட்டபாடில்லை.

இதில் எனக்கு ஒரு ஆறாத கோபம் உண்டு. சில வருடங்களுக்கு முன் வேறொரு இடத்திலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள், எங்கே என்று சொல்லப்போவதில்லை. "சீக்கிரம் கேட்கும்" என்று நிஃபெடிபின் கேப்ஸ்யூலை ஊசியால் குத்தி நாக்குக்கடியில் பிழிந்து விட்டிருந்தார்கள். வந்து சேரும்போது கண் செருகிக் கிடந்தாள், பி.பி. 80-ஐத் தாண்டவில்லை, குழந்தையின் துடிப்பு நூறுக்குக் கீழே. காலைத் தூக்கி, ஆக்ஸிஜன் வைத்து மீட்டோம். தாயின் பி.பி. சட்டென்று விழுந்தால் கர்ப்பப்பைக்கு ரத்தம் குறையும், அப்போது முதலில் தவிப்பது உள்ளே இருக்கும் குழந்தைதான். விழுங்கக் கொடுத்தாலே போதும், வலி அடங்கும். இன்னொன்று: ஸ்ட்ரிப்பில் 'ரிட்டார்ட்' என்று போட்டிருந்தால் அது மெல்ல மெல்லக் கரைவதற்காகச் செய்த மாத்திரை. முதல் டோஸுக்கு அது உதவாது. மருந்துக்கடைப் பையன் இரண்டும் ஒன்றுதான் என்பான்.

அடோசிபான் வேறு இடத்தில் கை வைக்கிறது. ஷட்டரைத் தொடாமல், ஆக்ஸிடோசின் வந்து தட்டுகிற கதவைப் போய் அடைத்துக்கொள்கிறது. ஆகவே பி.பி. விழாது, படபடப்பும் பெரிதாக இருக்காது. தாய்க்கு இதைவிடச் சுகமான மருந்து இந்த வரிசையில் இல்லை. ஐரோப்பாவில் 2000-இல் அனுமதி கிடைத்தது, அமெரிக்காவில் கிடைக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: நரம்பில் முதலில் 6.75 மில்லிகிராம், அப்புறம் நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம் வீதம் மூன்று மணி நேரம், அதன்பின் நிமிடத்துக்கு 100 வீதம் 45 மணி நேரம் வரை. இதற்கு இன்ஃப்யூஷன் பம்ப் வேண்டும், மருந்தை ஃபிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும், முழுசாக ஏற்றி முடிக்கப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஏலம் எடுக்கும் கூலிக்காரக் குடும்பத்திடம் அந்தத் தொகையைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

அவ்வளவு பணத்துக்குக் குழந்தைக்கு என்ன கூடுதல் லாபம்? 2016-இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 510 பெண்களை வைத்து இரண்டு மருந்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். குழந்தைக்கு மோசமான விளைவு வந்தது நிஃபெடிபின் பக்கம் 14 சதவீதம், அடோசிபான் பக்கம் 15 சதவீதம். அதாவது வித்தியாசம் இல்லை. 2025-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், 30 வாரம் தாண்டியவர்களுக்கு அடோசிபானையும் வெறும் உப்பு நீரையும் கொடுத்துப் பார்த்தபோதும் குழந்தைகளின் நிலையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பணம் உள்ளவர்கள் "விலை கூடுனதப் போடுங்க" என்பார்கள். இதயக் கோளாறோ தாழ்ந்த பி.பி.யோ இருந்தால் நானும் அடோசிபான் பக்கம்தான். மற்றபடி விலை கூடியது என்பதற்காக எடுக்க வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனமே இதில் மனம் மாறியிருக்கிறது. 2015-இல் வலி நிறுத்தும் மருந்து எதுவும் குழந்தைக்குப் பலன் தரவில்லை என்று சொல்லி எல்லாவற்றையும் வேண்டாமென்றது. 2022-இல் நிஃபெடிபினை மட்டும், அதுவும் நிபந்தனையோடு, ஏற்றுக்கொண்டது.

அடுத்தது ஐசாக்ஸுப்ரின். டுவாடிலன் என்றால்தான் எல்லைக்கு இரண்டு பக்கமும் தெரியும். வயிறு லேசாக இழுத்தாலே முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும் அளவுக்குப் பழக்கமான மாத்திரை. டெர்புடாலின், ரிட்டோட்ரின் எல்லாம் இதே வகை. அட்ரினலினை ஏற்கும் இடமான பீட்டா ஏற்பி வழியாகப் போய், மயோசினை எழுப்பும் அந்த நொதியை இவை தூங்கவைக்கின்றன. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஏற்பி இதயத்திலும் இருக்கிறது, கல்லீரலிலும் இருக்கிறது. நாடி 120, 130 என்று ஓடும், கை நடுங்கும், சர்க்கரை ஏறும், பொட்டாசியம் இறங்கும், சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துவிடும். டெர்புடாலினை நீண்ட நாள் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்கா 2011-இல் எச்சரித்தது. 2013-இல் ஐரோப்பா இந்த வகை மாத்திரைகளைப் பிரசவ வைத்தியத்திலிருந்தே விலக்கியது. நம் பக்கம் சீட்டில் இன்னமும் 'ஒரு நாளைக்கு மூணு' என்று வாரக்கணக்கில் எழுதிக் கொடுக்கிறார்கள்.

"என் மூத்த பிள்ளைக்கு அந்த மாத்திரைதான் காப்பாத்துச்சு" என்று மதினி வாதாடினாள். நான் அவளோடு மல்லுக்கு நிற்கவில்லை. குறைமாதத்தில் வயிறு இழுக்கிறது என்று வருகிற பெண்களில் பெரும்பாலோருக்கு, ஒன்றும் கொடுக்காவிட்டாலும் அந்த வாரம் பிரசவம் ஆவதில்லை. தானாக நின்ற வலிக்கு மாத்திரை பெயர் வாங்கிக்கொள்கிறது. என் கையில் விட்டால் இந்த மாத்திரையை வார்டு அலமாரியிலிருந்தே எடுத்துவிடுவேன்.

மெக்னீசியம் சல்ஃபேட்டைத் தனியாகப் பேச வேண்டும். கால்சியத்தோடு போட்டி போட்டு அது நுழையும் இடத்தை மறிப்பதால், ஆய்வுக்கூடத்தில் கர்ப்பப்பைத் தசை இதற்கு நன்றாகவே இளகுகிறது. ஆனால் ஒரு பெண்ணுக்குத் தாங்கும் அளவில் கொடுக்கும்போது பிரசவத்தைத் தள்ளிப்போடுவதில்லை. வலியை நிறுத்த இதை எடுப்பதில் அர்த்தமில்லை. இன்னொரு காரணத்துக்காக இது வேண்டும்: 32 வாரத்துக்கு முன்பு பிரசவம் நெருங்கிவிட்டது என்று உறுதியானால், குழந்தையின் மூளையைக் காக்க 4 கிராம் நரம்பில் மெல்ல ஏற்றுகிறோம். ஏற்றும்போது முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்ப்போம், மூச்சை எண்ணுவோம், சிறுநீரை அளப்போம். கால் துள்ளவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும். பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஆம்பூல் தயாராக இருக்கும், அதிகமான மெக்னீசியத்துக்கு அதுதான் முறிவு. எங்கள் பெண்ணுக்கு வலி தணியத் தொடங்கியதால் இதைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளட்டும் என்று டாக்டர் விட்டுவிட்டார். நிஃபெடிபினோடு சேரும்போது பி.பி.யும் மூச்சும் இரட்டைக் கவனம் கேட்கும், ஓடுகிற ஆம்புலன்ஸில் அது சிரமம்.

இண்டோமெதாசின் 32 வாரத்துக்கு முன்பு இரண்டு நாள் மட்டும் கொடுக்கலாம். அதற்குப் பிறகு கொடுத்தால் குழந்தையின் இதயத்துக்குப் பக்கத்தில் பிறப்புவரை திறந்திருக்க வேண்டிய ரத்தக் குழாய் முன்கூட்டியே மூடத் தொடங்கும், பனிக்குட நீரும் குறையும். புரோஜெஸ்ட்ரோன் வலி வராமல் முன்கூட்டியே காப்பதற்கு, கர்ப்பப்பை வாய் குட்டையாக இருப்பவர்களுக்கு. மழை கொட்டும்போது குடை தைக்கப் போகிற கதையாக, வலி வந்த பிறகு அதைத் தேடக் கூடாது.

எதுவும் கொடுக்காமல் விடுவதும் ஒரு தேர்வுதான். காய்ச்சலோடு பனிக்குட நீர் நாற்றம் எடுத்தால், வயிறு இளகவே இளகாமல் பலகையாக நின்று ரத்தம் போனால், பி.பி. மிக ஏறி வலிப்பு வந்தால், குழந்தையின் துடிப்பு தவித்தால் வலியை நிறுத்துவது தவறு. அந்தக் குழந்தைக்கு வெளியே வருவதே பாதுகாப்பு. 34 வாரம் தாண்டிவிட்டாலும் நிறுத்த வேண்டியதில்லை.

மருந்து முடிவானது, மலை பாக்கி. டாக்டருக்குக் கோட்டயம் மெடிக்கல் காலேஜ்மேல் நம்பிக்கை, அங்கே படித்தவர். "மோளே, கோட்டயம் போயால் பேடிக்கண்டா" என்றார், கோட்டயம் போனால் பயப்பட வேண்டாம் என்று. குமுளியிலிருந்து அது ஏறத்தாழ 110 கிலோமீட்டர். வண்டிப்பெரியாறு, பீர்மேடு, குட்டிக்கானம் வரை மேலேயே போய், அங்கிருந்து முண்டக்கயத்துக்கு வளைந்து வளைந்து இறங்க வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அந்தப் பாதையில் எப்போது போய்ச் சேர்வோம் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. தேனி மெடிக்கல் காலேஜ் க.விலக்கில் இருக்கிறது. தேனி டவுனே 60 கிலோமீட்டர் சொச்சம், அதைத் தாண்டி ஆண்டிபட்டி ரோட்டில் இன்னும் கொஞ்சம். முதலில் லோயர் கேம்ப் வரை கொண்டைஊசி வளைவு, அதன்பின் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று சமவெளி. வழியில் வலி முற்றினால் கம்பம் அரசு ஆஸ்பத்திரியில் நிறுத்திக்கொள்ளலாம்.

வசதியில் இரண்டுக்கும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வித்தியாசம் மற்ற விஷயங்களில் இருக்கிறது. குறைமாதக் குழந்தை வாரக்கணக்கில் உள்ளே கிடக்கும். தாய் வெளியே பாலைப் பிழிந்து கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், யாராவது சோறு கொண்டுவர வேண்டும். கம்பத்துக்காரிக்கு அது தேனியில்தான் நடக்கும். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த அவளுடைய பிக்மி நம்பர் தமிழ்நாட்டில் போட்டது, பிறப்புச் சான்றிதழும் மகப்பேறு உதவித்தொகையும் அதோடுதான் ஓடும். டாக்டர் இரவில் வந்து சொல்வது புரியாமல் கையெழுத்துப் போடும் நிலையும் இருக்காது. வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயத்துப் பெண்ணாக, கேரள ரேஷன் கார்டும் மலையாளமும் உள்ளவளாக இருந்தால் இதே நான் கோட்டயம் என்றிருப்பேன். கர்ப்பப்பை வாய் ஐந்து விரல் திறந்திருந்தால் இரண்டும் வேண்டாம், இங்கேயே பிரசவம் பார்த்துவிட்டுக் குழந்தையை அனுப்புவதுதான். வளைவில் வண்டிக்குள் பிறப்பதைப் போல மோசமானது வேறில்லை.

தேனி என்று முடிவாகி 108 வந்து நின்றது. முதல் டெக்ஸா ஊசி 11.40, நிஃபெடிபின் 11.20, பி.பி. 100/64, வலி இப்போது 20 நிமிடத்துக்கு ஒன்று என்று ஒரு சீட்டில் எழுதி மதினியின் கையில் கொடுத்தேன். ரெஃபரல் தாள் எங்கேயாவது ஃபைலுக்குள் போய்விடும், மதினி கையில் இருக்கும் சீட்டு தொலையாது. அடுத்த மாத்திரையைப் பி.பி. பார்க்காமல் போடக் கூடாது என்று வண்டியில் இருந்த தம்பியிடமும் சொன்னேன். கதவைச் சாத்தப்போகும்போது மதினி தலையை வெளியே நீட்டினாள்.

"சிஸ்டர், அப்ப அந்தக் கால்சியம் மாத்திரை?"

"சோத்தோட போடச் சொல்லுங்க மதினி. அயர்ன் மாத்திரைய மட்டும் அதோட சேக்காதீங்க."